வெள்ளியும் வெள்ளீயமும் ஒரே மலையில் வருவது எப்படி, திருகோணமலையில் அது ஏன் இல்லை

தம்பலகாமத்தைச் சேர்ந்த ஒரு பிள்ளை, பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிப்பவர், கேட்டிருந்தார்: "பொலிவியாவில் ஆண்டிஸ் மலைக்குள் ஒதுக்குப்புறமாக இருக்கும் ஒரு வெள்ளி–வெள்ளீயத் தேடுதல் களத்தின் அறிக்கையை ஒப்படைக்காக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு உலோகமும் ஏன் ஒன்றாக வருகின்றன? அப்படி ஓர் இடத்தை எப்படித் தேடுகிறார்கள்? சேருவிலையில் செம்பு இருக்கிறது, கன்னியாவில் வெந்நீர் ஊறுகிறது. அப்படியென்றால் எங்கள் மாவட்டத்திலும் வெள்ளி கிடைக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கனியம் திருகோணமலையில் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று விளங்கினால் மற்ற இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும். எல்லாம் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு பாறை எந்த ஆழத்தில் உருவானது, அதற்கு மேலே கிடந்தது எவ்வளவு அரித்துப் போய்விட்டது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அளவைப் பாருங்கள். புவியோட்டில் வெள்ளீயம் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 2 பங்கு அளவில்தான் இருக்கிறது. வெள்ளி அதைவிட மிகக் குறைவு, பத்து இலட்சத்தில் 0.1 பங்குகூட இல்லை. சுரங்கம் தோண்டுவதற்கு வெள்ளீயம் 0.5 வீதமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இயற்கை அதை ஏறக்குறைய 2,500 மடங்கு செறிவாக்கித் தந்திருக்க வேண்டும். ஒரு தொன் பாறைக்கு 200 கிராம் வெள்ளி என்றாலும் அதே போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இவ்வளவு செறிவாக்கும் வேலை ஒரே கட்டத்தில் முடியாது.

வெள்ளீயத்துக்கு முதற்கட்டம், ஆறிக் கருங்கல்லாக இறுகப்போகும் உருகிய பாறைக் குழம்புக்குள் நடக்கிறது. எல்லாக் கருங்கல்லும் இதற்கு உதவாது. ஜப்பானியப் புவிச்சரிதவியலாளர் இஷிஹாரா 1977இல் கருங்கற்களை இரண்டு தொடராகப் பிரித்தார்: மக்னடைட்டு (இரும்பு ஒட்சைட்டு) உள்ள தொடர், இல்மனைட்டு (இரும்பு–தைத்தேனிய ஒட்சைட்டு) உள்ள தொடர். ஒட்சிசன் நிறைந்த குழம்பில் மக்னடைட்டு படிகமாகிறது. அங்கே வெள்ளீயம் நான்கு வலுவளவுள்ள அயனாக இருப்பதால், இரும்பும் தைத்தேனியமும் உள்ள படிகங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து சிதறிப் போய்விடும். ஒட்சிசன் குறைந்த, இல்மனைட்டு படிகமாகும் குழம்பில் அது இரண்டு வலுவளவில் இருக்கிறது. எந்தப் படிகமும் அதை எளிதில் ஏற்காது. குழம்பு இறுக இறுக, மிச்சமிருக்கும் கடைசித் துளிக்குள் வெள்ளீயம் சேர்ந்துகொண்டே போகும். கரிமப் பொருள் நிறைந்த பழைய சேற்றுப் படிவுகள் உருகி உண்டான கருங்கற்கள் வெள்ளீயத்துக்குப் பேர்போனவையாக இருப்பதற்கு இதுவே காரணம். போரனும் புளோரினும் அந்தக் கடைசித் துளியை நீண்ட நேரம் உறையாமல் வைத்திருக்கும். அதனால்தான் களத்தில் தூர்மலின், புஷ்பராகம், புளோரைட்டு, வெள்ளை மைக்கா ஆகிய கனியங்களைக் கண்டால் வெள்ளீயம் தேடுபவர்கள் நின்று பார்ப்பார்கள்.

இரண்டாம் கட்டம் சுடுநீர். இறுகும் குழம்பிலிருந்து உப்பும் அமிலமும் கலந்த நீர் வெளியேறும்போது வெள்ளீயத்தைக் குளோரைட்டுச் சேர்க்கையாகத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த நீர் குளிர்ந்தாலோ, நிலத்தடி நீரோடு கலந்து ஒட்சியேற்றப்பட்டாலோ, அமிலம் தணிந்தாலோ, வெள்ளீயம் கசிட்டரைட்டு என்ற ஒட்சைட்டாகப் படிந்துவிடும். பொதுவாக இது 300 பாகை செல்சியசுக்கு மேலே நடக்கிறது. வெள்ளி அப்படியல்ல. அது நீரில் இன்னும் தூரம் போகும், இன்னும் குளிர்ந்த இடத்தில், ஈயம், நாகம், அந்திமனி ஆகியவற்றின் சல்பைட்டுகளோடு, அதாவது கந்தகச் சேர்வைகளோடு, சேர்ந்து படியும். ஆகவே சாதாரணமாக இவை இரண்டும் பிரிந்தே கிடக்க வேண்டும். இங்கிலாந்தின் கோர்ன்வால் அப்படித்தான். அங்குள்ள டொல்கோத் சுரங்கம் செம்புச் சுரங்கமாகப் பெயரெடுத்து, ஆழம் போகப் போக வெள்ளீயச் சுரங்கமாக மாறியது. கருங்கல்லுக்கு அருகே வெள்ளீயம், அதற்கு மேலே செம்பு, இன்னும் விலகி ஈயமும் நாகமும் வெள்ளியும் என்று அடுக்கு விரிந்து கிடக்கும்.

பொலிவியாவில் அந்த அடுக்கு நசுங்கிப்போய்விட்டது. அங்கே குழம்பு ஆழத்திலேயே தங்கவில்லை. எரிமலையின் கழுத்து வரை, தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் கீழே வரை ஏறி வந்துவிட்டது. அவ்வளவு மேலே வெப்பநிலை மிகக் குறுகிய தூரத்தில் சரிகிறது. முதலில் வந்த சூடான நீர் பிளவுகளில் கசிட்டரைட்டைப் படியவிட்டது. பிறகு அமைப்பு முழுவதும் ஆறியபோது, அதே பிளவுகள் மறுபடி திறந்து, வெள்ளி கொண்ட சல்பைட்டுகள் அதன்மேலேயே படிந்தன. அதனால் இரண்டு உலோகமும் ஒரே நரம்பில், அதாவது கனியம் நிரம்பிய ஒரே பாறைப் பிளவில், கிடக்கின்றன. உங்கள் முதற்கேள்விக்குப் பதில் இதுதான்: ஒரே நீர் இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி வைக்கவில்லை. ஆழம் குறைவாக இருந்ததால், வேறு வேறு நேரத்தில் வந்தவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

இதற்குப் பொலிவியாவின் பொட்டோசி நகரில் உள்ள செரோ ரிக்கோ மலையை விட நல்ல உதாரணம் இல்லை. ஏறக்குறைய 4,800 மீற்றர் உயரமான அந்த மலை, 1 கோடியே 38 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஓர் எரிமலைக் குமிழ். ஸ்பானியர்கள் 1545இல் அங்கே வெள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். மலையின் மேற்பகுதியில் வெள்ளி செழிப்பு, கீழே போகப் போக வெள்ளீயம் கூடுகிறது. வெள்ளியை மட்டும் பார்த்தவர்கள் வெள்ளீயக் கல்லைக் கழிவோடு கொட்டினார்கள். பிற்காலத்தில் வெள்ளீயத்துக்குத் தேவை வந்தபோது அந்தக் கழிவுக் குவியல்களையே மறுபடி கிளறினார்கள். ஒருபோதும் தங்களுக்குச் சொந்தமாகாத செல்வத்துக்காக அந்த மலைக்குள் கட்டாய வேலையில் மாண்ட ஆண்டிஸ் மக்களை நினைக்காமல் இந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வருவதில்லை. வடக்கே யல்லாகுவாவில் 1900இல் சிமோன் பத்தீனியோ கண்ட வெள்ளீய நரம்பு அவரை உலகப் பணக்காரர்களில் ஒருவராக்கியது. 1952 புரட்சியின் பின் அந்தச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1985 ஒக்டோபரில், வெள்ளீயத்தை வாங்கிச் சேர்த்து விலையைத் தாங்கி வந்த சர்வதேச வெள்ளீயச் சபை கடனில் மூழ்கி விலை சரிந்தபோது பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தார்கள். உங்கள் அறிக்கையில் வரும் "பழைய வேலைத்தளங்கள்" பலவற்றின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இப்போது கொஞ்சம் எங்கள் பக்கம் வாருங்கள். மலேசியாவிலும் வெள்ளீயம் குவிந்து கிடந்தது. தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்கு 1885இல் போட்ட முதல் ரயில் பாதையே வெள்ளீயத்துக்காகத்தான். அந்த ரயில்வேயில் வேலை பார்க்க இலங்கைத் தமிழர் கப்பலேறிய கதை பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் அங்கே வெள்ளீயத்துக்குப் பேர்போன கிந்தாப் பள்ளத்தாக்கு வெள்ளிக்குப் பேர்போனதல்ல. அங்கே தரையில் தெரிவது பல கிலோமீற்றர் ஆழத்தில் இறுகிய கருங்கல். வெள்ளி இருந்திருக்கக்கூடிய மேல்மட்டம் என்றோ அரித்துப் போய்விட்டது. வெள்ளிச் சல்பைட்டுகள் மழையிலும் காற்றிலும் கரைந்து அழியும். கசிட்டரைட்டு அழியாது. பாரமாகவும் கடினமாகவும் இருப்பதால் ஆற்று மணலில் தங்கிவிடும். மலேசியாவில் மண்ணைக் கழுவியே வெள்ளீயம் எடுத்தது அதனால்தான்.

திருகோணமலை அந்த வரிசையில் இன்னும் ஆழமான படி. எங்கள் காலடியில் கிடக்கும் உயர்நிலத் தொகுதிப் பாறைகள், குவாட்சைட்டு, சார்னோக்கைட்டு, பளிங்கு எல்லாம், ஏறக்குறைய 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உருவானபோது, 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில் 700 பாகைக்கு மேலான வெப்பத்தில் உருமாறியவை. அதாவது, அவற்றுக்கு மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையும் போய்விட்டது. வெள்ளி–வெள்ளீய நரம்பு உருவாகக்கூடிய முதல் சில கிலோமீற்றர் ஒரு காலத்தில் இங்கே இருந்திருந்தாலும், அது கரைந்து கடலுக்குள் போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

சேருவிலைச் செம்பு உண்மைதான். 1971இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் கண்டறிந்தது. மக்னடைட்டும் செம்பு–இரும்புச் சல்பைட்டான சல்கோபைரைட்டும் கல்சியம் நிறைந்த உருமாறிய பாறைகளோடு சேர்ந்து, உயர்நிலத் தொகுதியும் அதன் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதி என்ற பாறைப் பிரிவும் சந்திக்கும் எல்லைக்கு அருகே கிடக்கின்றன. அது நல்ல பாடம், போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் மக்னடைட்டு நிறைந்த அந்தச் சூழல் நான் மேலே சொன்ன வெள்ளீயச் சூழலுக்கு எதிர்த்திசை. கன்னியா வெந்நீரும் எரிமலை நீர் அல்ல. மழைநீர் பிளவுகள் வழியாக ஆழம் இறங்கி, புவியின் இயல்பான வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை கூடும் என்பதால் அந்தச் சூட்டுக்கு உருகிய குழம்பு எதுவும் தேவையில்லை. உலோகத்தைத் தூக்கி வரும் அளவுக்கு அதில் வெப்பமும் இல்லை, உப்பும் இல்லை.

புல்மோட்டை மணலையும் சிலர் இதில் இழுப்பார்கள். அங்கே பிரித்தெடுப்பவை இல்மனைட்டு, ரூட்டைல், ஸர்க்கோன் போன்றவை. கசிட்டரைட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து உள்நாட்டில் வெள்ளீயம் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். கசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7, இல்மனைட்டுக்கு 4.7 அளவில்தான். அவ்வளவு பாரமானது கடற்கரை வரை வராமல், பிறந்த இடத்துக்குச் சில கிலோமீற்றருக்குள்ளேயே ஓடையில் தங்கிவிடும். பாறையின் ஆழ வரலாறுதான் வலுவான ஆதாரம்.

சரி, தேடுவது எப்படி? அந்தக் கசிட்டரைட்டுக் குணமே தேடுபவருக்குக் கைகொடுக்கிறது. மனித நடமாட்டம் குறைந்த மலையில் முதல் வேலை, பழைய வரைபடங்களையும் செய்மதிப் படங்களையும் வைத்து, பாறை வெளிறிக் களிமண்ணாகவும் இரும்புத் துருவாகவும் மாறிய இடங்களைக் குறிப்பது. பிறகு ஓடைகள். ஒவ்வொரு கிளை ஓடையிலும் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும்: ஒன்று சலித்த நுண்மண், மற்றது தட்டில் அரித்து எடுத்த பாரமான மணல். எங்கள் அம்மாமார் அரிசி அரித்துக் கல்லைக் கடைசியில் விடுவதுபோல, தட்டைச் சுழற்றச் சுழற்ற இலேசானது தண்ணீரோடு போய், பாரமானது அடியில் நிற்கும். நுண்மண் வெள்ளி, ஈயம், ஆசனிக்கு, அந்திமனி ஆகியவற்றைக் காட்டும். பாரமணல் கசிட்டரைட்டைக் காட்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அடியில் தங்கிய கறுப்பு மணி கசிட்டரைட்டா, ரூட்டைலா, தூர்மலினா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அதற்கு முகாமிலேயே செய்யக்கூடிய அழகான சோதனை ஒன்று உண்டு. மணிகளை நாகத் தகட்டின் மேல் வைத்து, ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் சில துளி விட வேண்டும். சில நிமிடங்களில் கசிட்டரைட்டு மணி மட்டும் சாம்பல் நிற வெள்ளீயப் பூச்சுப் பெறும், தேய்த்தால் பளபளக்கும். நாகமும் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் ஐதரசன் மணியின் மேற்பரப்பைத் தாழ்த்துவதால் இது நடக்கிறது. ஆய்வுகூடத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடையில் அறிகுறி கிடைத்தால் அதன் மேற்சரிவுகளில் கட்டம் போட்டு மண் மாதிரி. அப்புறம் அகழி வெட்டி, நரம்புக்குக் குறுக்காக ஒரே அகலத்தில் ஒரே ஆழத்தில் செதுக்கி எடுக்கும் கால்வாய் மாதிரி. பளபளப்பான கல்லைப் பொறுக்கி அனுப்பினால் எண் பெரிதாக வரும், ஆனால் அது அந்தக் கல்லைப் பற்றிய எண் மட்டுமே, மலையைப் பற்றியது அல்ல. நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்திப் பாறை எவ்வளவு மின்னேற்றம் பிடிக்கிறது என்று பார்க்கும் மின்னேற்ற அளவீடு, சல்பைட்டு எங்கே கூடுகிறது என்று காட்டும். காந்த அளவீடு பிர்ரோட்டைட்டு என்ற காந்தத்தன்மையுள்ள இரும்புச் சல்பைட்டு இருந்தால் காட்டும். கசிட்டரைட்டு இரண்டுக்கும் சிக்காது, கூட இருக்கும் சல்பைட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைத்தான் உங்கள் ஒப்படையில் முதலில் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஆய்வுகூடத்தில் பாறைத்தூளை எப்படிக் கரைத்தார்கள்? வெள்ளிக்கு வழக்கமான அமிலக் கரைப்புப் போதும். செறிவு அதிகமானால், தூளை ஈயத்தோடு உருக்கி வெள்ளியைப் பிரித்து நிறுக்கும் தீச்சோதனைக்கு அனுப்புவார்கள். கசிட்டரைட்டு அமிலத்தில் கரையாது. ஐதரோபுளோரிக்கமிலம் உட்பட நான்கு அமிலம் சேர்த்தாலும் பெரும்பகுதி குடுவையின் அடியில் அப்படியே கிடக்கும். அந்த முறையில் வந்த வெள்ளீய எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், சில வேளை மிகமிகக் குறைவாக. சோடியம் பெரொக்சைட்டு அல்லது லிதியம் போரேற்றுடன் உருக்கிக் கரைக்க வேண்டும், அல்லது எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் முறையில் தூளை நேராக அளக்க வேண்டும். வெள்ளியை மட்டும் மனதில் வைத்து எழுதிய பழைய அறிக்கைகளில் வெள்ளீயம் "இல்லை" என்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அப்படிப்பட்ட மலைகளில் மறுபடி தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேற்பரப்பு எண்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வானிலையால் சிதைந்த மேல்மண்ணில் வெள்ளி நகரும். சில இடங்களில் கழுவுண்டு போகும், வறண்ட மலைகளில் குளோரைட்டாகத் தேங்கி அளவுக்கு மீறிச் செழிப்பாகத் தெரியும். வெள்ளீயம் நகராது. சுற்றியுள்ளவை கரைந்து போவதால் அது கொஞ்சம் கூடித் தெரியலாம். ஆகவே அகழியில் வந்த வெள்ளி எண்ணை அப்படியே ஆழத்துக்கு நீட்டக் கூடாது. துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வைரமுனைத் துளையில் உருளையாக வரும் பாறையை நீளவாக்கில் வெட்டி, ஒரு பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். இடையிடையே அளவு தெரிந்த மாதிரி, வெறுமையான மாதிரி, இரட்டை மாதிரி ஆகியவற்றையும் நுழைப்பார்கள். 1997இல் இந்தோனேசியாவின் புசாங்கில், பிரே-எக்ஸ் நிறுவனத்தின் பாறைத்தூளில் தங்கம் கலந்து ஏமாற்றியது வெளிவந்த பிறகு இந்த ஒழுங்குகள் இறுகின. சுரங்க நிறுவனங்கள் முடிவுகளை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் கனடாவின் என்ஐ 43-101 விதிகள் 2001இல் வந்தன. அவுஸ்திரேலியாவின் ஜோர்க் நெறிமுறையும் அதே வேலையைச் செய்கிறது. "4 மீற்றரில் இவ்வளவு செறிவு" என்று படித்தால், அது துளையின் வழியே அளந்த நீளமா, நரம்பின் உண்மை அகலமா என்று பாருங்கள். துளை நரம்பை 45 பாகையில் வெட்டியிருந்தால் உண்மை அகலம் 2.8 மீற்றர்தான்.

கடைசியாக, இரண்டு உலோகத்தையும் ஒரே எண்ணாக மாற்றிச் சொல்லும் "வெள்ளிச் சமமதிப்பு". ஒரு தொன்னில் 60 கிராம் வெள்ளியும் 0.4 வீதம், அதாவது 4 கிலோ, வெள்ளீயமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விலையை வைத்துப் பெருக்கிக் கூட்டினால் எண் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெள்ளிச் சல்பைட்டை, காற்றுக்குமிழில் ஒட்டி மிதக்க வைக்கும் நுரைமிதப்பு முறையில் பிரிக்க வேண்டும், வெள்ளீயத்தை அதன் பாரத்தை வைத்து, ஆட்டுமேசையிலும் சுருள் வழியிலும் பிரிக்க வேண்டும். அதாவது இரண்டு தனி ஆலை. கசிட்டரைட்டு மணி மிக நுண்ணியதாக இருந்தாலோ, அரைக்கும்போது நொறுங்கித் தூசானாலோ, அது கழிவு நீரோடு போய்விடும். வெள்ளியில் 85 வீதமும் வெள்ளீயத்தில் 55 வீதமும் கைக்கு வந்தால், உண்மையில் கிடைப்பது 51 கிராமும் 2.2 கிலோவும். வெள்ளீயத்தின் ஒரு பகுதி ஸ்தன்னைட்டு என்ற சல்பைட்டாக இருந்தால் இன்னும் குறையும், அது பார முறையில் கசிட்டரைட்டோடு சேராது. அதற்கு மேல், துறைமுகம் இல்லாத நாட்டில், மலையிலிருந்து சிலியின் கடற்கரை வரை லொறியில் கொண்டுபோகும் செலவு இருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு அந்தச் செலவின் பாரம் சட்டென்று உறைக்காது.

ஆகவே அறிக்கையின் முதற்பக்கத்துச் சமமதிப்பு எண்ணை விட்டுவிட்டு, பின்னிணைப்புக்குப் போங்கள். அங்கே ஆய்வுகூட முறைகளின் அட்டவணை இருக்கும். வெள்ளீயத்துக்கு எதிரே உருக்கிக் கரைத்தல் என்றோ எக்ஸ்ஆர்எஃப் என்றோ இருந்தால் மேற்கொண்டு வாசிக்கலாம். நான்கு அமிலம் என்று இருந்தால், அந்த அறிக்கையின் வெள்ளீய எண் எதையும் உங்கள் வரைபடத்தில் போட வேண்டாம்.